ஒய்க்யூ, டெராஃபார்ம், குபெக்டில்: கருவிகளின் பதிப்பை ரெப்போவுக்குள் பூட்டுவது சரியா?

பொறிவண்டு:
எங்கள் டீமில் பலவகை ரெப்போக்கள் (கோடு வைக்கும் களஞ்சியங்கள்) இருக்கின்றன. ஒன்று நோட், ஒன்று கோ மொழி, சில டெராஃபார்ம் (கிளவுட் அமைப்புகளைக் கோடாக எழுதி உருவாக்கும் கருவி), எல்லாவற்றிலும் கொஞ்சம் பாஷ் ஸ்கிரிப்ட். புதிதாகச் சேர்ந்தவரின் மேக்கில் டிப்ளாய் ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை. தோண்டிப் பார்த்தால் பிரச்சினை ஒய்க்யூவில், அதாவது யாமல் கோப்பிலிருந்து மதிப்பை எடுக்கும் கருவியில். ஸ்கிரிப்டில் "ஒய்க்யூ ஆர்" என்று தொடங்கி, கோப்பின் பெயரும் வேண்டிய சாவியும் இருக்கிறது. அது மூன்றாம் பதிப்பின் பாணி. 2020 கடைசியில் வந்த நான்காம் பதிப்பில் அந்த "ஆர்" கிடையாது, ஜேக்யூ (ஜேசனுக்கான அதே வகைக் கருவி) மாதிரி புள்ளி வைத்துப் பாதையை எழுத வேண்டும். மேக்கில் கருவிகளை நிறுவும் ஹோம்ப்ரூ அவருக்குக் கொடுத்தது நான்காம் பதிப்பு. இது போதாதென்று இன்னொருவர் உபுண்டுவில் ஆப்ட் வழியாகப் போட்டிருந்தது இந்த ஒய்க்யூவே இல்லை, அதே பெயரில் பைத்தானில் எழுதப்பட்ட வேறொரு கருவி.

நான் சொல்வது இதுதான்: ஒவ்வொரு ரெப்போவிலும் மீஸ் என்ற பதிப்பு மேலாளருக்கான ஒரு மீஸ்.டாமல் கோப்பு இருக்கட்டும். நோட், கோ, டெராஃபார்ம், ஒய்க்யூ, ஜேக்யூ, குபெக்டில் (குபெர்னெட்டிஸ் கிளஸ்டரிடம் பேசும் கருவி) எல்லாவற்றின் பதிப்பும் அதில் எழுதப்பட்டிருக்கட்டும். டைரக்டரிக்குள் நுழைந்தால் சரியான பதிப்பு பாத்தில் (ஷெல் கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) வந்து நிற்கும். எங்கள் லீட் வேண்டாம் என்கிறார். இங்கே இருப்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கல்தச்சன்:
உங்கள் லீட் சொல்வதுதான் சரி. ஸ்கிரிப்டில் ஓரிரு வரியை நான்காம் பதிப்புக்கு மாற்றியிருந்தால் வேலை முடிந்திருக்கும். அதை விட்டுவிட்டு மூன்றாம் பதிப்பைப் பூட்டி வைத்தால், செத்துப்போன இலக்கணத்தில் எழுதிய ஸ்கிரிப்டை டீம் முழுவதும் சேர்ந்து காப்பாற்றிக்கொண்டிருக்கும். பூட்டிய பதிப்பை யாரும் தொடுவதில்லை. நான் பார்த்த இடங்களில் எல்லாம் அந்தக் கோப்பு எழுதிய நாளோடு உறைந்துபோகும், எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார், ஒருநாள் பாதுகாப்புக் காரணத்துக்காக மேம்படுத்தியே ஆக வேண்டும் என்று வரும்போது நாலு பெரிய பதிப்பைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், மொழிகளே இதை எப்போதோ தீர்த்துவிட்டன. ஜாவா உலகின் கிரேடிலுக்கு, சரியான பதிப்பை இறக்கும் ராப்பர் ஸ்கிரிப்ட் ரெப்போவிலேயே இருக்கிறது. ரஸ்ட் மொழியின் ரஸ்ட்டப் ஒரு டூல்செயின் கோப்பைப் படிக்கிறது. கோ 1.21 வந்த 2023 ஆகஸ்டிலிருந்து கோ.மாட் கோப்பு புதிய பதிப்பைக் கேட்டால் கோ தானே இறக்கிக்கொள்கிறது. இதற்கு மேல் இன்னொரு மேலாளர் எதற்கு? அதையும் கற்க வேண்டும், அதுவும் ஒருநாள் உடையும்.

நெய்தல்:
கல்தச்சன், நீங்கள் சொன்ன மூன்றும் மொழிகளின் கருவிகள். டெராஃபார்முக்கும் புரோட்டாக்கிற்கும் (புரோட்டோ கோப்பிலிருந்து கோடு உருவாக்கும் கருவி) அப்படி யார் செய்து வைத்திருக்கிறார்கள்?

டெராஃபார்ம் 0.14க்கு முன்னால் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் 0.13இல் அப்ளை அடித்தால் டீம் பகிரும் ஸ்டேட் கோப்பில் (இதுவரை அமைத்தவற்றின் பதிவு) அந்தப் பதிப்பு பதிந்துவிடும், 0.12 வைத்திருக்கும் மற்றவர்களால் அதற்குப் பிறகு பிளான் கூடப் போட முடியாது. ஒரு ஆளின் லேப்டாப் அப்டேட் முழு டீமையும் இழுத்துக்கொண்டு போகும். 0.14க்குப் பிறகு ஸ்டேட் வடிவம் நிலைத்துவிட்டது என்பது உண்மை, ஆனால் பாடம் பாடம்தான்.

புரோட்டாக் இன்னும் எரிச்சல். அது உருவாக்கும் கோ கோப்பின் தலையில் இரண்டு வரி கமெண்ட் இருக்கும், புரோட்டாக்-ஜென்-கோ எந்தப் பதிப்பு, புரோட்டாக் எந்தப் பதிப்பு என்று. ஆளுக்கொரு பதிப்பு இருந்தால், ஒரு ஃபீல்டு சேர்க்கப்போன புல் ரிக்வெஸ்ட்டில் சம்பந்தமே இல்லாத கோப்புகள் எல்லாம் அந்தத் தலை வரிகளுக்காக மட்டும் மாறி நிற்கும். அடுத்தவர் அதைத் தன் பதிப்புக்குத் திருப்பி மாற்றுவார். ரிவ்யூ செய்கிறவர் எதைப் படிப்பது? இதற்கு "எல்லோரும் புதியதைப் போடுங்கள்" என்பது பதில் ஆகாது. நேற்று போட்டவருக்கும் இன்று போட்டவருக்கும் புதியது வேறு வேறு.

கல்தச்சன்:
புரோட்டாக்கை லேப்டாப்பில் ஓட்டவே கூடாது. சிஐயில் (கோடு மாறும்போது டெஸ்ட்டும் பில்டும் தானே ஓடும் சர்வர்) ஒரே இடத்தில் ஓட்டுங்கள், அங்கே ஒரே பதிப்பு. அது முடிந்த கதை.

பொறிவண்டின் பட்டியலில் குபெக்டில் இருக்கிறதே, அதைப் பாருங்கள். குபெர்னெட்டிஸ் விதிப்படி குபெக்டில் கிளஸ்டரின் ஏபிஐ சர்வருக்கு ஒரு மைனர் பதிப்பு முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான். கிளஸ்டர் 1.30 என்றால் 1.29, 1.30, 1.31 மூன்றும் சரி. இப்போது ஒரே ரெப்போவிலிருந்து ஸ்டேஜிங்கிற்கும் புரொடக்‌ஷனுக்கும் போகிறீர்கள், ஸ்டேஜிங் 1.31, புரொடக்‌ஷன் இன்னும் 1.28. மீஸ் கோப்பில் எந்த எண்ணை எழுதுவீர்கள்? பதிப்பு கிளஸ்டருக்குச் சொந்தமானது, ரெப்போவுக்கு இல்லை. ரெப்போவில் பூட்டினால் பிரச்சினை தீர்ந்ததுபோல் ஒரு நிம்மதி மட்டும் கிடைக்கும்.

நெய்தல்:
குபெக்டில் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் அதை வைத்து மற்றதையும் தள்ளுவது நியாயம் இல்லை.

மின்மினி:
இரண்டு பேரும் பாதி வழியில் நிற்கிறீர்கள். மீஸும் அதே வகையான ஏஎஸ்டிஎஃபும் பைனரியை இறக்கி பாத்தில் வைக்கின்றன. அந்தப் பைனரி சார்ந்திருக்கும் லைப்ரரி உங்கள் மெஷினில் என்ன பதிப்பு என்று அவற்றுக்குத் தெரியாது. ரூபியையோ பைத்தானையோ மூலத்திலிருந்து கம்பைல் செய்யும்போது ஓபன்எஸ்எஸ்எல் தகராறு வருவது இதனால்தான். நிக்ஸ் என்ற பேக்கேஜ் மேலாளரில் ஒவ்வொரு கருவியும் தன் சார்புகளோடு ஹேஷ் போட்ட தனிப் பாதையில் ஸ்டோரில் உட்காரும், அந்தச் சார்புகளைப் பூட்டும் ஃப்ளேக் லாக் கோப்பை கமிட் செய்தால் எந்த மெஷினிலும் அதே சார்புகள்தான். செட் (sed) கட்டளை மேக்கில் பிஎஸ்டி வகை, லினக்ஸில் குனு வகை என்ற தொல்லையும் போய்விடும், இரண்டிலும் குனு செட்டே வரும். டாக்கரில் டெவ்கன்டெய்னர் (கருவிகளோடு கட்டிய இமேஜுக்குள் வேலை செய்யும் முறை) போட்டாலும் இது பாதி கிடைக்கும்.

நெய்தல்:
நிக்ஸ் செய்வது மிகச் சரியான வேலை, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் டெராஃபார்ம் 1.5.7ம் ஒரு குறிப்பிட்ட நோடும் வேண்டும் என்றால், அந்தப் பதிப்பு நிக்ஸின் பேக்கேஜ் தொகுப்பான நிக்ஸ்பேக்கேஜஸின் எந்த கமிட்டில் இருந்தது என்று தேட வேண்டும், இரண்டும் ஒரே கமிட்டில் இல்லையென்றால் இரண்டு இன்புட். 2023இல் டெராஃபார்மின் உரிமம் மாறியதிலிருந்து 1.6க்கு மேல் உள்ளவை அங்கே கட்டற்றவை இல்லை என்ற வரிசையில் போய்விட்டன. அனுமதிக்கத் தனியாக ஒரு அமைப்பு, பொதுக் கேஷிலும் கிடைக்காது, நம் மெஷினிலேயே கம்பைல் ஆக வேண்டும். முதல் நாள் வேலைக்கு வந்த ஒருவரிடம் இதையெல்லாம் நீட்ட முடியாது. டாக்கரில் மேக்கில் கோப்பு மவுண்ட் மெதுவாக இருக்கும் என்பது ஒரு பக்கம். ஒருமுறை கட்டிய இமேஜுக்குள் பழைய கர்ல் (வலையிலிருந்து தரவை இறக்கும் கருவி) அப்படியே கிடப்பது இன்னொரு பக்கம். 2023 அக்டோபரில் கர்ல் 8.4.0 சாக்ஸ்5 ப்ராக்ஸி தொடர்பான பாதுகாப்பு ஓட்டையை அடைத்தபோது, இமேஜை மறுபடி கட்டாதவர்களுக்கு ஓட்டை ஓட்டையாகவே இருந்தது.

கல்தச்சன்:
பாதுகாப்பைப் பேசுகிறீர்கள், நல்லது. ஏஎஸ்டிஎஃப் பிளகின் என்பது என்ன? யாரோ ஒருவர் கிட் ரெப்போவில் வைத்திருக்கும் பாஷ் ஸ்கிரிப்ட். அது நம் மெஷினில் நம் அனுமதியோடு ஓடுகிறது. இதை நம்பி ஏறச் சொல்கிறீர்களா?

நெய்தல்:
ஏஎஸ்டிஎஃப் பிளகின்கள் மீது உங்களுக்கு இருக்கும் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் மீஸில் அக்வா வழியாகக் கிடைப்பதை மட்டும் பயன்படுத்தச் சொல்கிறேன். அங்கே பிளகின் ஸ்கிரிப்ட் ஓடுவதில்லை, எங்கிருந்து இறக்குவது என்ற விவரம் ஒரு பொதுப் பட்டியலில் இருக்கிறது, கருவி வெளியிடுகிறவர்கள் கையெழுத்தும் செக்சமும் கொடுத்திருந்தால் சரிபார்க்கும். ஒய்க்யூ, ஜேக்யூ, டெராஃபார்ம் எல்லாம் அங்கே உண்டு.

நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் ஜேக்யூ. ஒய்க்யூ உடைந்தால் பிழை காட்டிவிட்டு நிற்கும், கண்டுபிடித்துவிடலாம். ஜேக்யூ 1.6க்கு 100000000000000001 என்ற எண்ணைக் கொடுத்துப் பாருங்கள், கடைசி ஒன்று சுழியமாகி வெளியே வரும். எந்தப் பிழையும் காட்டாது. 2023 செப்டம்பரில் வந்த 1.7, எண்ணை மாற்றாமல் கடத்தினால் அப்படியே வைத்துக்கொள்கிறது. உபுண்டு 22.04இல் இருப்பது 1.6, 24.04இல் இருப்பது 1.7. ஒரே ஸ்கிரிப்ட், இரண்டு சர்வர், இரண்டு வேறு ஆர்டர் எண்கள். இதை யார் எப்போது கவனிப்பார்கள்?

கல்தச்சன்:
உங்கள் உதாரணமே எனக்குச் சாதகம். 1.6ஐப் பூட்டி வைத்திருந்தால் தப்பான எண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தப்பாக வந்துகொண்டே இருந்திருக்கும். புதியதில் இருந்தவர்கள் தப்பித்தார்கள்.

நெய்தல்:
தப்பித்தது யார், எந்த நாளிலிருந்து என்று யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் என் வருத்தம். பதிப்பு கோப்பில் இருந்தால் 1.6 ஒருநாள் 1.7 ஆனது ஒரு கமிட். யார் மாற்றினார், எந்த டெஸ்ட் ஓடியது, எதற்கு முந்தைய டேட்டாவைச் சந்தேகப்பட வேண்டும் என்று கிட் லாகில் இருக்கும், சரிவராவிட்டால் திருப்பிக்கொள்ளலாம். புதியதை மட்டும் வைத்திருப்பவரிடம் அந்த மாற்றம் அவர் ப்ரூ அப்கிரேட் அடித்த ஏதோ ஒரு சாயங்காலம் நடந்துவிட்டது. பழையதிலேயே கிடக்கச் சொல்லி நான் ஒருபோதும் சொல்லவில்லை. ரெனவேட் என்ற பாட் மீஸ் கோப்பையும் ஏஎஸ்டிஎஃபின் டூல்-வெர்ஷன்ஸ் கோப்பையும் படித்துப் புதிய பதிப்பு வந்தால் தானே புல் ரிக்வெஸ்ட் திறக்கும்.

கல்தச்சன்:
திறக்கும், மூடுவது யார்? அந்தப் புல் ரிக்வெஸ்ட்டுகளைப் பார்க்க ஒரு ஆள் பொறுப்பேற்றுக்கொண்டால், அதோடு சிஐயும் அதே கோப்பைப் படித்தால், நான் எதிர்க்க மாட்டேன். என் அனுபவத்தில் கோப்பில் ஒரு நோட் பதிப்பு இருக்கும், சிஐ யாமலில் வேறொன்று தனியாக எழுதியிருக்கும், டாக்கர்ஃபைலில் மூன்றாவது இருக்கும். அப்படி இருக்கும்போது பூட்டியதே இல்லை, பூட்டிய நினைப்பு மட்டும்.

பொறிவண்டு:
இருவருக்கும் நன்றி. நாளை லீடிடம் கொண்டுபோவது இது: ஒய்க்யூ, ஜேக்யூ, டெராஃபார்ம், புரோட்டாக் நான்கு மட்டும் கோப்பில். ஒய்க்யூவுக்கு நான்காம் பதிப்பு, ஸ்கிரிப்டை அதற்கு மாற்றிவிடுவேன், அந்த விஷயத்தில் கல்தச்சன் சொன்னது முழுக்கச் சரி. குபெக்டில் வேண்டாம். கோவை கோ.மாட் பார்த்துக்கொள்ளட்டும். சிஐயில் தனியாக எழுதிய பதிப்பு எண்களை அழித்துவிட்டு மீஸே நிறுவட்டும். ரெனவேட் புல் ரிக்வெஸ்ட்டுகளை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மின்மினி:
செய்யும்போது இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். ஆபீஸில் எல்லோரும் ஒரே ஐபிக்குப் பின்னால் இருந்தால் டோக்கன் இல்லாத கிட்ஹப் ஏபிஐ அழைப்பு ஒரு மணி நேரத்துக்கு 60தான், எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுவினால் 403 வரும், ஆளுக்கொரு டோக்கன் வைக்கச் சொல்லுங்கள். அடுத்தது, மீஸ் பாத்தை மாற்றுவது ஷெல் பிராம்ப்டில். டாக்கிலிருந்து திறக்கும் எடிட்டருக்கும் கிரான் வேலைக்கும் அந்தப் பிராம்ப்ட் கிடையாது. அங்கே மீஸின் ஷிம் டைரக்டரியை (சரியான பதிப்பை அழைக்கும் சிறு நிரல்கள் இருக்குமிடம்) பாத்தில் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் டெர்மினலில் ஓடுவது எடிட்டரில் ஓடவில்லை என்று அடுத்த வாரம் இங்கே ஒரு புது இழை திறப்பீர்கள்.