பெர்ஃப்யூம் குழுவின் 'கேம்' ஆல்பம்: அந்தக் குரல் ஏன் அப்படி இருக்கிறது?

கேட்பவர்: கடைசிபஸ்

வணக்கம். பையனோடு உட்கார்ந்து 'கார்ஸ் 2' பார்த்தேன். டோக்கியோவில் விருந்து நடக்கும் காட்சியில் பின்னால் ஒரு பாட்டு ஓடியது. தேடிப் பிடித்துவிட்டேன்: பெர்ஃப்யூம் என்ற மூன்று ஜப்பானியப் பெண்கள் குழுவின் 'பாலிரிதம்'. அது இருக்கும் 'கேம்' ஆல்பத்தைத்தான் மூன்று நாளாக வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கேட்கிறேன்.

இரண்டு சந்தேகம். 'பாலிரிதம்' நடுவில் ஓரிடத்தில் குரல் சிக்கிக்கொண்டதுபோல் திரும்பத் திரும்ப வருகிறது. என் ஃபைல் கெட்டுப்போனதா? அடுத்தது, மூன்று பேர் குரலும் இயந்திரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. பாட வராததை மறைக்கத்தான் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்கிறாள் என் தங்கை. எனக்கு அந்தக் குரல் பிடித்திருக்கிறது, ஆனால் அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்: தகதகிட

ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது. பாட்டின் பெயரே பதில்: பாலிரிதம் என்றால் ஒரே நேரத்தில் ஓடும் பல தாளங்கள். நடுவில் வெவ்வேறு கணக்கில் சுற்றும் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். நான் மிருதங்கம் படித்தவன், எங்கள் வழியில் சொல்கிறேன். ஒரு கையால் நாலு போடுங்கள், வாயால் 'தகதகிட' என்று ஐந்து சொல்லுங்கள். இரண்டும் இருபதில்தான் மறுபடி சேரும். அதுவரை வழி தவறியதுபோலவே இருக்கும். சேரும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டால் பிறகு விடமாட்டீர்கள்.

பதில்: பழையசிடி

குரலைப் பற்றி நான் சொல்கிறேன். சில வருடம் ஜப்பானில், நாகோயா நகரத்தில் வேலை பார்த்தேன். 2011-ல் அங்கே ஒரு பழைய சிடி கடையில்தான் 'கேம்' எனக்குக் கிடைத்தது. முதுகில் சுற்றியிருந்த காகிதப் பட்டைகூடக் கிழியாமல் இருந்தது. இன்னும் என்னிடம் இருக்கிறது.

மூன்று பேருமே ஹிரோஷிமாவில் நடிப்பும் பாட்டும் நடனமும் சொல்லித்தரும் பள்ளியில் சின்ன வயதிலேயே சேர்ந்தவர்கள். பாட வராதவர்கள் இல்லை. அவர்களுக்கு 2003-லிருந்து பாட்டுப் போட்டுக்கொடுப்பவர் நகாதா யசுதாகா. உணர்ச்சியைக் கொட்டிப் பாட வேண்டாம், உட்கார்ந்து, பேசுவதுபோல் மெல்லப் பாடுங்கள் என்பது அவர் வழி. தொண்டை திறந்து பாடப் பழகிய பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் அது பெரிய கஷ்டமாக இருந்தது. அப்படிப் பதிவு செய்த குரலைத்தான் அவர் நறுக்கி, சீவி, ஒரு வாத்தியம்போல ஆக்குகிறார். உங்கள் தங்கையிடம் இதைச் சொல்லுங்கள்: அங்கே எதையும் மறைக்கவில்லை, தெரிந்த வித்தையை வேண்டுமென்றே அடக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்த அடக்கம்தான் என்னைப் பிடித்தது. ஊர் பெயர் தெரியாத ரயில் நிலையத்தில் இரவு பதினொரு மணிக்கு இதே ஆல்பத்தின் 'மக்கரோனி' பாட்டைக் கேட்டேன். அழுது பாடியிருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2005-ல் தொகுமா ஜப்பான் என்ற பெரிய நிறுவனம் வழியாக 'லீனியர் மோட்டார் கேர்ள்' வந்தது. அடுத்த வருடம் இன்னும் இரண்டு சிங்கிள், அதாவது தனிப்பாட்டு வெளியீடு. எதுவும் பெரிதாக விற்கவில்லை. 2006-ல் வந்த முதல் ஆல்பத்துக்கே 'கம்ப்ளீட் பெஸ்ட்' என்று பெயர். இருபது வயதுகூட ஆகாதவர்களுக்கு அப்போதே தொகுப்பு! கதை முடிந்தது என்று ரசிகர்கள் பயந்ததில் தப்பில்லை. அப்புறம் பாடகி கிமுரா கேலா தன் வானொலி நிகழ்ச்சியில் இவர்கள் பாட்டைத் தொடர்ந்து போட்டார். 2007-ல் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே சேர்ந்து நடத்திய மறுசுழற்சி விளம்பரத்துக்கு 'பாலிரிதம்' போனது. திரும்பத் திரும்பச் சுழலும் பாட்டு, திரும்பத் திரும்பப் பயன்படுத்தச் சொல்லும் விளம்பரம். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

2008 ஏப்ரல் 16-ல் 'கேம்' வந்து ஜப்பானின் இசை விற்பனைப் பட்டியலான ஓரிகானில் முதலிடம் பிடித்தது. டெக்னோபாப், அதாவது மின்னணுக் கருவிகளால் செய்யும் பாப் இசை, ஆல்பம் ஒன்று அந்த இடத்துக்கு வந்தது 1983-ல் யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா என்ற ஜப்பானியக் குழுவுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. 25 வருடம்!

கடைசிபஸ்:

மிக்க நன்றி. நேற்று தகதகிட சொன்னபடி மேசையில் தட்டிப் பார்த்தேன். மூன்றாவது தடவை பிடிபட்டது, பையன் கைதட்டினான். பழையசிடி அண்ணா, பாட்டுகளை வரிசையாகத்தான் கேட்க வேண்டுமா?

பழையசிடி:

முதல் தடவை வரிசையாகவே கேளுங்கள். மூன்றாவதாக வரும் 'கேம்' பாட்டு கரடுமுரடாக, இரைச்சலாக இருக்கும், தாண்டிவிடாதீர்கள். அதன் முரட்டுத்தனத்துக்குப் பிறகுதான் 'பேபி க்ரூசிங் லவ்' அவ்வளவு மென்மையாகக் காதில் விழும். ஐந்தாவது 'சாக்லேட் டிஸ்கோ'. ஜப்பானில் காதலர் தினத்தன்று பெண்கள்தான் சாக்லேட் கொடுப்பார்கள். அந்த நாளின் வகுப்பறைப் படபடப்புதான் பாட்டு. கேட்ட பிறகு மேடைப் பதிவுகளையும் பாருங்கள். நடனம் அமைத்தவர் மிகிகோ, ஹிரோஷிமா பள்ளிக் காலத்திலிருந்தே இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். பன்னிரண்டாவது 'பப்பி லவ்' கேட்டு முடித்ததும் இங்கே வந்து எழுதுங்கள். தங்கை என்ன சொன்னாள் என்றும் தெரிய வேண்டும்.

கடைசிபஸ்:

இன்றைக்கு அவளுக்கு 'மக்கரோனி'யை மட்டும் போட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.