மறு: மௌனப் படத்துக்கு நேரில் வாசிப்பதற்கு என்ன சொல்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு வருகிறேன். மௌனப் படம் ஓடும்போது அரங்கிலேயே ஒருவர் உட்கார்ந்து அதற்கு வாசிப்பதைத் தமிழில் எந்தச் சொல்லால் குறிப்பது என்பதுதான் கேள்வி. ‘பின்னணி இசை என்ற சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?’ என்று இழையைத் தொடங்கிய ஐயா கேட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக ‘துணையிசை’ என்று ஒரு சொல்லைக் குழுவிலுள்ள ஓர் அம்மா முன்வைத்தார்கள். இரண்டும் ஏன் போதவில்லை என்று நினைக்கிறேன் என்பதை, நான் நேரில் பார்த்த ஒன்றிலிருந்து சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ ஊரில் ஸ்டான்ஃபோர்டு திரையரங்கு என்று 1925-இல் கட்டிய ஒரு கொட்டகை இருக்கிறது. அங்கே மௌனப் பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் ‘தி ஜெனரல்’ பார்க்கப் போனேன். இரண்டாம் வரிசையில் இடது ஓரத்தில் இடம் கிடைத்ததால், படத்தைவிட வாசிப்பவரைத்தான் அதிகம் பார்த்தேன். அவர் வாசித்தது ஆர்கன், காற்றுக் குழல்களால் ஒலிக்கும் பெரிய வாத்தியம். குதிரை லாடம் போல வளைந்த பலகையில் வரிசை வரிசையாக வண்ண விசைகள், ஒரு சின்ன விளக்கு. அவருடைய இடது கால் கீழ்க்கட்டைகளில் மந்தர சுரங்களை மிதித்துக்கொண்டிருந்தது. வலது கால் ஒரு மிதிபலகையில் ஊன்றி ஒலியைக் கூட்டியும் குறைத்தும் வந்தது. கைகள் தம்பாட்டுக்கு வேலை செய்தன. கண் மட்டும் திரையை விட்டு இறங்கவே இல்லை.

அந்தப் படத்தில் ரயிலோடு ஒரு பீரங்கியை இழுத்துக்கொண்டு போவார்கள். திரியைப் பற்றவைத்த பிறகு, வண்டியின் குலுக்கலில் பீரங்கியின் வாய் மெல்ல மெல்லத் தாழ்ந்து நேராகக் கீட்டனையே குறிபார்க்கும். அந்த இடத்தில் வாசிப்பவர் இரண்டு கையையும் கட்டையிலிருந்து எடுத்துவிட்டார். அரங்கம் முழுக்க மூச்சுச் சத்தம்தான். குண்டு வெடித்த அதே கணத்தில் சுவருக்குப் பின்னால் பெரிய முரசு ஒன்று இடித்தது. மறுநாள் காட்சிக்கும் போனேன். அதே ஆள், அதே படம், அதே இடம். ஆனால் அன்று கையை எடுக்கவில்லை. ஒரே ஒரு தாழ்ந்த சுரத்தை வெடிக்கும்வரை இழுத்துப் பிடித்தார்.

இதைப் ‘பின்னணி இசை’ என்று எப்படிச் சொல்வது? பின்னணி இசை என்றால் ஒருமுறை பதிந்து படத்தோடு ஒட்டிவிட்டது. நூறு ஊரில் நூறு தடவை ஓடினாலும் மாறாது. இங்கே படம்தான் மாறாதது, இசை ஒவ்வொரு காட்சியிலும் புதிதாகப் பிறக்கிறது. அதோடு, வாசிப்பவர் பின்னால் இருக்கிறவரும் இல்லை. காட்சி தொடங்கும்போது மேடைக்குக் கீழேயிருந்து வாத்தியத்தோடு மேலே ஏறி வருகிறார், முடிந்ததும் எழுந்து நின்று கும்பிடுகிறார். அந்த மனிதர் அரங்கில் இருப்பதைச் சொல் மறைத்துவிடக் கூடாது. எனக்கு இந்த விவாதத்தில் முக்கியமானது அது ஒன்றுதான்.

‘துணையிசை’ பிழையில்லை. ஆனால் மிகவும் அகன்ற சொல். கடையில் பாடும் வானொலிக்கும் பொருந்தும்.

என் பரிந்துரை ‘படப் பக்கவாத்தியம்’. வாசிப்பவர் ‘படப் பக்கவாத்தியக் கலைஞர்’. பக்கவாத்தியம் என்று சொன்னாலே நமக்கு நேரில் நடப்பது, இன்னொருவரைத் தொடர்ந்து போவது, அந்த நேரத்துக்குத் தோன்றியதை வாசிப்பது மூன்றும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. விளக்கம் தேவையில்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். கச்சேரியில் பாடகர் பக்கவாத்தியக்காரரைத் திரும்பிப் பார்ப்பார், காத்திருப்பார், ‘பலே’ என்பார். படம் யாருக்காகவும் நிற்காது. உண்மைதான். அதனால்தான் இந்த வேலை இன்னும் கடினம் என்று நான் சொல்வேன். தாளம் தப்பினால் தாங்கிப் பிடிக்க முன்னால் ஆள் இல்லை. ஆனால் அதற்காகப் பக்கவாத்தியம் வேறொன்றாகிவிடாது. பாடகருக்குத்தான் பக்கவாத்தியம் என்றும் இல்லையே, ஆட்டத்துக்கும் வாசிக்கிறோம். வாய் திறக்காமல் முகத்தாலும் கையாலும் கதை சொல்லும் ஒருவருக்கு வாசிப்பது நமக்குப் பழக்கமான வேலை.

‘எல்லாம் முன்பே எழுதிவைத்த இசைதானே, மனோதர்மம் எங்கே?’ என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். சில பெரிய படங்களுக்கு முழு இசையும் எழுதி அனுப்பியதுண்டு. மற்றவற்றுக்குப் பெரும்பாலும் ஒரு குறிப்புத் தாள்தான் வந்தது: இந்த எழுத்து அட்டை (திரையில் வசனத்தைக் காட்டுவது) வந்ததும் இந்த மாதிரி மெட்டு, இவ்வளவு நேரம். திரையரங்க இசைக்குழு நடத்துநரான ஏர்னோ ராப்பே 1924-இல் படவாசிப்புக்கென்றே ஒரு மெட்டுத் தொகுப்பு போட்டார். அதன் பக்க ஓரத்தில் போர், பறவை, துரத்தல், தாலாட்டு, ரயில், சோகம் என்று பட்டியல் அச்சிட்டிருக்கும். ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறுகையால் அடுத்த உணர்ச்சிக்குப் புரட்டிப் போகலாம். எதிலிருந்து எதற்கு, எந்த நொடியில், எப்படி வழுக்கிப் போவது என்பது முழுக்க வாசிப்பவர் பொறுப்பு.

‘பின்பாட்டு’ என்ற சொல்லையும் நான் எண்ணிப் பார்த்தேன். நம் ஊர்த் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியக்காரரைப் பின்பாட்டுக்காரர் என்றுதான் சொல்கிறார்கள். மௌனப் படக் காலத்தில் நம் கொட்டகைகளிலும் திரைக்குப் பக்கத்தில் ஆர்மோனியமும் தபலாவும் உண்டு, எழுத்து அட்டையை உரக்கப் படித்துக் கதை சொல்ல ஆளும் உண்டு. 1931-இல் ‘காளிதாஸ்’ வந்து படம் பேசத் தொடங்கியதும் அவர்கள் போய்விட்டார்கள். அந்த வகையில் பின்பாட்டு நெருங்கிய சொல்தான். ஆனால் அதில் ‘பாட்டு’ இருக்கிறது. ஆர்கன்காரர் பாடுவதில்லை. அதனால் மனமில்லாமல்தான் விட்டேன்.

சரி, வாத்தியத்துக்கு வருவோம். தயவுசெய்து ‘ஆர்கன்’ என்றே எழுதுவோம். தேவாலயம் போகிற தமிழர்கள் அதை வேறு பெயரால் சொல்லி நான் கேட்டதில்லை. நான் எழுதிய ஒரு கட்டுரையில் ஆர்கன் வந்த இடமெல்லாம் ‘உறுப்பு’ என்று மாற்றி ஓர் இதழில் அச்சாகிவிட்டது. ‘நாடக உறுப்பு முழங்கியது’ என்ற வரியை இன்றைக்கும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன். ‘திரையரங்கு ஆர்கன்’ போதும். இதே ஆபத்து இன்னும் இரண்டு சொல்லுக்கு உண்டு. ‘மேனுவல்’ என்பது இங்கே கையேடு இல்லை, கையால் வாசிக்கும் கட்டை அடுக்கு. ‘மூன்றடுக்கு ஆர்கன்’ என்றால் தெளிவாக இருக்கும். ‘ஸ்டாப்’ என்பது நிறுத்தம் இல்லை. அதை அழுத்தினால்தான் ஒரு குழல்வரிசை குரல் கொடுக்கும். ‘குரல்விசை’ என்று வைக்கலாம்.

அடுத்தது இந்த வாத்தியத்தின் உயிர்நாடி. தேவாலய ஆர்கனில் ஒவ்வொரு குரலுக்கும் தனிக் குழல்வரிசை வைப்பதுதான் பழைய வழக்கம். இங்கிலாந்தில் தொலைபேசி நிறுவனத்தில் மின்வேலை பார்த்த ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ், ஒரே வரிசையை மின்கம்பி வழியாகப் பல ஸ்தாயிகளில் பேச வைப்பதையே ஆர்கனின் அடிப்படையாக்கினார். 61 கட்டைக்கு 61 குழல். அதோடு கீழே 12, மேலே 12 சேர்த்தால் 85. இந்த 85 குழலும் மூன்று தனி வரிசை, அதாவது 183 குழல் செய்கிற வேலையைச் செய்யும். தேவாலயம்போல இடம் இல்லாத கொட்டகைச் சுவருக்குள் முழு வாத்தியக் குழுவை அடக்க முடிந்தது இதனால்தான். அவருடைய உரிமங்களை 1910-இல் வாங்கிய வுர்லிட்சர் நிறுவனம் பிறகு 2,200-க்கும் மேற்பட்ட ஆர்கன்கள் செய்தது. இதற்குப் ‘பகிர்குழல் முறை’ என்கிறேன். ஆங்கிலத்தில் இதை ‘யூனிஃபிகேஷன்’ என்கிறார்கள், அதை அப்படியே ‘ஒருங்கிணைப்பு’ என்று போட்டால் எதை எதோடு இணைத்தார்கள் என்றே தெரியாது.

திரையரங்கு ஆர்கனில் குதிரைக் குளம்பு, பறவைக் கூவல், ரயில் ஊதல், கார் ஹாரன், தீயணைப்பு மணி போன்ற ஓசைகளுக்கான கருவிகளும் சேர்ந்தே இருக்கும். பதிவுகள் அல்ல, எல்லாம் உண்மையான பொருள்கள். காற்று தள்ளும் சிறு சுத்தியல்கள் நிஜ முரசையும் நிஜ மணியையும் அடிக்கின்றன. ஸ்பெஷல் நாடகத்தில் இந்த வேலைக்கு ‘ஆல்ரவுண்டு’ என்றே ஒருவர் உட்கார்ந்திருப்பார். கீழே யாராவது விழுந்தால் தாளத்தட்டு, உதைத்தால் டமால். நான் ‘ஓசைச் சாமான்’ என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து நாடகக் கலைஞர்களிடம் இதைவிட நல்ல சொல் இருக்கலாம். பழக்கமுள்ளவர்கள் கேட்டுச் சொல்ல வேண்டும்.

ஆர்கனின் ஒலியை நடுங்க வைக்கும் ‘டிரெமுலன்ட்’டைக் கமகம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை ஏற்க முடியவில்லை. கமகம் விரலில் பிறப்பது, சுரத்துக்குச் சுரம் வேறுபடும். இந்தக் கருவி குழலுக்குப் போகும் காற்றையே சீராக உலுக்குகிறது. அதனால் வரிசை முழுவதும் ஒரே மாதிரி நடுங்கும். காதல் காட்சியில் தொண்டை தழுதழுக்கிற மாதிரி ஒலிப்பது இதனால்தான். ‘காற்றுலுக்கி’ என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். காதுக்குக் கொஞ்சம் முரடாக இருப்பது எனக்கும் தெரிகிறது.

இந்தச் சொற்கள் உடனே தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. பேசும் படம் வந்த பிறகு ஆர்கன்கள் பல உடைத்து எறியப்பட்டன, பல தேவாலயங்களுக்கும் வீடுகளுக்கும் போயின, பீட்சாக் கடைகளில்கூட வாழ்ந்தன. 1955-இல் அமெரிக்க ஆர்வலர்கள் சங்கம் வைத்து, குழல் அறைகளில் ஏறி இறங்கித் தோல் மாற்றி, கம்பி ஒட்டி, மிச்சமிருந்தவற்றைக் காப்பாற்றினார்கள். அந்த வேலையைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்குத் தமிழ்த் துணையெழுத்து செய்துகொண்டிருக்கிறேன். அதில் வாசிப்பவரின் பெயர் திரையில் வரும்போது வெறும் ‘இசை’ என்று போட எனக்கு மனம் வரவில்லை. ‘படப் பக்கவாத்தியம்’ என்று போட்டு அனுப்ப விரும்புகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். காற்றுலுக்கிக்கு மென்மையான மாற்று கிடைத்தால் இன்னும் மகிழ்ச்சி.

அன்புடன்.