சூடானா நின்னு போற பி.எஸ்.ஏ எம்20: மேக்னெட்டோவா, கார்புரேட்டரா?

வேளச்சேரி_எம்20

எல்லாருக்கும் வணக்கம். பழைய பிரிட்டிஷ் வண்டி வெச்சிருக்கறவங்க கொஞ்சம் கை குடுங்க.

வண்டி 1942 பி.எஸ்.ஏ எம்20, 496 சிசி, சைடு வால்வு. சண்டை முடிஞ்சு மிலிட்டரிக்காரங்க கழிச்சு விட்டப்போ தாத்தா எடுத்தது. (பி.எஸ்.ஏ-ன்னா அம்பத்தூர் சைக்கிள் தானேன்னு தெருவுல பாதிப் பேர் கேக்குறாங்க. டேங்க்ல மூணு துப்பாக்கி சாத்தி வெச்ச படத்தக் காட்டி, பர்மிங்காம்ல துப்பாக்கி செஞ்ச கம்பெனின்னு விளக்கியே வாய் வலிக்குது.)

வீட்டு கார் பார்க்கிங்லயே வெச்சு வேலை பாத்துட்டு இருக்கேன். சிலிண்டர் போரிங் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன், வால்வு கிரைண்டிங், புது கேபிள், லைட்டுக்குப் புது வயரிங் எல்லாம் ஆச்சு. லூகாஸ் மேக்டைனோவ (மேக்னெட்டோவும் டைனமோவும் சேந்த சாமான்) மட்டும் உள்ள திறக்கல. வெளிய தொடச்சு, பாயிண்ட் (ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடற தொடுமுனை) இடைவெளி 0.012 இன்ச் வெச்சதோட சரி.

பிரச்சினை இதுதான். காலைல ரெண்டு மூணு கிக்ல அழகா ஸ்டார்ட் ஆகுது. ஐடிலிங் அருமை. வேளச்சேரில கிளம்பி கத்திப்பாரா வர்றதுக்குள்ள லேசா இருமும். அப்புறம் டப் டப்னு ரெண்டு சத்தம், நின்னுடும். எத்தனை மிதிச்சாலும் அசையாது. ஓரமா நிறுத்தி, ஒரு டீ குடிச்சு, பேப்பர் படிச்சு முடிச்சுட்டு வந்து மிதிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது.

ஏரியா மெக்கானிக் கார்புரேட்டர்தான்னு சொன்னார். புதுப்பேட்டைல இன்னொரு அமால் 276 தேடிப் பிடிச்சுப் போட்டாச்சு. அதே கதை. அடுத்து எதுல கை வைக்கிறது?

ராயபுரம் ராக்கெட்

பேட்டரி வீக்கா இருக்கும் பாஸ். புது 6 வோல்ட் ஒண்ணு போட்டுப் பாருங்க.

லேத்_சித்தப்பா

தம்பி, பேட்டரிப் பக்கமே போகாதீங்க. இந்த வண்டில பேட்டரி லைட்டுக்கும் ஹார்னுக்கும் தான். அதக் கழட்டி வீட்ல வெச்சுட்டே மெட்ராஸ்லேருந்து மதுரை போகலாம். ஸ்பார்க்குக்கு வேண்டிய கரண்ட்ட மேக்னெட்டோ தானே உண்டாக்கிக்கும். மேல உக்காந்திருக்கற உருளை டைனமோ, கீழ இருக்கறது மேக்னெட்டோ. ரெண்டுக்கும் மின்சாரத்துல சம்பந்தம் கிடையாது.

கார்புரேட்டர வாங்கின காசு போகட்டும். அடுத்த சாமான் வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்ங்க. வண்டி நிக்கட்டும். நின்ன அந்த நிமிஷமே, ஆறுறதுக்குள்ள பாருங்க. ஆறினப்புறம் பாத்தா எல்லாம் சரியாத்தான் தெரியும், ஒரு துப்பும் கிடைக்காது.

முதல்ல பெட்ரோல் டேங்க் மூடியத் திறங்க. புஸ்ஸுனு காத்து உள்ள போற சத்தம் கேட்டா மூடியோட மூச்சு ஓட்டை அடைச்சிருக்கு. பெயின்ட் அடிக்கும்போதோ நிக்கல் போடும்போதோ அந்த ஊசித் துளை அடைபடறது சகஜம். மூடியத் திறந்ததும் வண்டி எடுத்துடுச்சுன்னா வேலை அஞ்சு பைசாவுல முடிஞ்சுது.

அடுத்து கார்புரேட்டர்ல டிக்ளர (மிதவைய அமுக்கற குட்டி பட்டன்) அமுக்குங்க. பெட்ரோல் பொங்கி வழிஞ்சா மிதவைத் தொட்டி வரைக்கும் பெட்ரோல் வருதுன்னு அர்த்தம்.

மூணாவது கம்ப்ரெஷன். வால்வு லிஃப்டரத் தொடாம கிக்கர் மேல ஏறி நில்லுங்க. நல்லாத் தாங்கி, மெதுவா இறங்கணும். மிதிச்சா சொத்துனு இறங்குதுன்னா சூட்டுல வால்வு மூடல. டாப்பெட் (வால்வத் தள்ளற துண்டு) இடைவெளிய ரொம்ப டைட்டா வெச்சிருக்கீங்க. இன்ஜின் ஜில்லுனு இருக்கறப்போ இன்லெட் 0.010, எக்ஸாஸ்ட் 0.012 இன்ச். புதுசா வால்வு கிரைண்ட் பண்ணின இன்ஜின்ல கொஞ்ச நாள்ல வால்வு உள்ள உக்காந்து இந்த இடைவெளி குறையும். அதனால இத சும்மா விடாதீங்க.

கடைசியா ஸ்பார்க். பையில ஒரு நல்ல பிளக் வெச்சுக்கோங்க. பெட்ரோல் டேப்ப மூடிட்டு, பொங்கின பெட்ரோல் காயட்டும். அது முக்கியம், தீப்பிடிச்சா ரெஸ்டோர் பண்ண ஒண்ணும் மிச்சம் இருக்காது. அப்புறம் அந்த பிளக்க வயர்ல மாட்டி, ஹெட் மேல சாய்ச்சு வெச்சு மிதிச்சுப் பாருங்க. ஸ்பார்க் நிறம் என்னன்னு பாத்து இங்க எழுதுங்க.

பெசன்ட்நகர்_உப்புக்காத்து

சித்தப்பா சொன்னதோட ஒண்ணு. பெட்ரோலயும் மறந்துடாதீங்க. இப்போ பங்க்ல வர்றது இ20, அஞ்சுல ஒரு பங்கு எத்தனால். எத்தனால்ல ஆக்சிஜன் இருக்கறதால பழைய ஜெட்டுக்கு (கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவா வர்ற துளை) மிக்ஸர் மெலிஞ்சு போகும், இன்ஜின் இன்னும் சூடாகும். பழைய ரப்பர் டியூப் ஊறி உள்பக்கம் உரிஞ்சு வழிய அடைக்கும். நம்ம ஊர் ஈரக் காத்துல தண்ணியயும் இழுத்துக்கும், மாசக்கணக்குல டேங்க்ல விட்டா அடில துரு. எனக்கு மெயின் ஜெட் ஒரு சைஸ் ஏத்தினப்புறம் பிளக் வெள்ளையா இருந்தது காப்பிக் கலருக்கு வந்துச்சு.

ஆனா பிரீமியம் பெட்ரோலுக்கு செலவு பண்ணாதீங்க. எம்20 கம்ப்ரெஷன் 5-க்கு 1 கூட இல்ல. சண்டைக் காலத்துல கிடைச்ச மட்டமான பெட்ரோல்ல ஓடணும்னு செஞ்ச இன்ஜின், 13 குதிரைத் திறன். ஆக்டேன் கூட ஆனா அதுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

லேத்_சித்தப்பா

பெட்ரோல் விஷயம் சரிதான். ஆனா அதுல இப்படி டீ குடிக்கற நேரம் வரைக்கும் உயிரே இல்லாம கிடக்காது, கெஞ்சிக் கெஞ்சியாவது ஓடும். இன்னொண்ணு கேக்க விட்டுப் போச்சு: ஹேண்டில்ல இக்னிஷன் லீவர் இருக்கே, ஸ்டார்ட் ஆனப்புறம் முழுசா அட்வான்ஸ் (ஸ்பார்க்க முன்னாடியே வர வைக்கறது) பண்றீங்களா? ரிட்டார்ட்லயே (ஸ்பார்க் தாமதமா) ஓட்டினா சைலன்சர் பைப் நீலமாகிடும், இன்ஜின் கொதிக்கும்.

வேளச்சேரி_எம்20

ஞாயித்துக்கிழமை பாத்துட்டேன். லீவர் முழு அட்வான்ஸ்லதான் இருக்கு. இந்தத் தடவை ஆலந்தூர் பக்கத்துலயே நின்னுடுச்சு.

மூடியத் திறந்தேன், சத்தம் இல்ல, மாற்றமும் இல்ல. டிக்ளர் அமுக்கினா பெட்ரோல் கொட்டுது. கிக்கர் மேல நின்னா 75 கிலோ ஆளத் தாங்குது. பிளக்கப் பாத்தா மெலிசா, மஞ்சளா, வந்தும் வராமலும் ஒரு ஸ்பார்க். நிழல்ல நின்னு ஆறினப்புறம் அதே பிளக்ல நீலமா, சத்தத்தோட அடிக்குது. வீடியோ எடுத்து வெச்சிருக்கேன், பக்கத்துக் கடைக்காரர் ஸ்டாண்டா நின்னு பிடிச்சார்.

அப்போ மேக்னெட்டோதான், சரியா?

லேத்_சித்தப்பா

மேக்னெட்டோதான். உள்ள இருக்கற கண்டென்சர், அதாவது பாயிண்ட்ல பொறி பறக்காம தடுக்கற சாமான்னு நூத்துக்குத் தொண்ணூறு சொல்லலாம். மிச்சம் பத்து காயில் வைண்டிங்.

லூகாஸ்காரன் கண்டென்சர ஆர்மேச்சருக்குள்ளயே (காயில் சுத்தின, சுழலற பாகம்) வெச்சுட்டான். எண்பது வருஷ சாமான். சூடு ஏறினா கரண்ட் கசியும், ஆறினா பழையபடி ஆகிடும். இன்னொரு அறிகுறி பாக்கலாம். ராத்திரி லைட்ட அணைச்சுட்டு, பாயிண்ட் மூடியக் கழட்டிட்டு ஒருத்தர மிதிக்கச் சொல்லுங்க. பாயிண்ட்ல பளிச்சு பளிச்சுனு பொறி பறந்தா கண்டென்சர் வேலை செய்யல.

மீட்டர் வெச்சு வெளியிலேருந்து கண்டென்சர அளக்கப் பாக்காதீங்க. பிரைமரி வைண்டிங் அதுக்குக் குறுக்கவே இருக்கு, அரை ஓம்னு காட்டிட்டு நிக்கும். பிரிச்சுத் தனியா எடுத்தாத்தான் உண்மை தெரியும்.

பிரிக்கறதுதான் ஆபத்தான இடம், அதனால நிதானமா எழுதறேன்.

ஆர்மேச்சர உருவறதுக்கு முன்னாடி மூணு சாமான் வெளிய வந்திருக்கணும். பிளக் வயர் வர்ற பிக்கப், பாடில பக்கவாட்டுல இருக்கற எர்த் பிரஷ், அப்புறம் சேஃப்டி கேப் (பாதுகாப்பு இடைவெளி) ஸ்க்ரூ. இந்த ஸ்க்ரூதான் ஆளக் கவுக்கும். அழுக்குல மூடிக் கிடக்கும், கண்ணுலயே படாது. அத விட்டுட்டு ஆர்மேச்சர இழுத்தா ஸ்லிப் ரிங் (ஸ்பார்க் கரண்ட்ட பிக்கப்புக்குக் கடத்தற வளையம்) விளிம்பு படக்குனு உடைஞ்சுடும். என் பட்டறைக்கு வந்த மேக்னெட்டோல பாதி இப்படி யாரோ உடைச்சுக் கொண்டு வந்ததுதான்.

ஆர்மேச்சர வெளிய எடுத்ததும் பாடி உள்ள ஒரு மெது இரும்புத் துண்ட வெச்சுடுங்க. இல்லன்னா காந்தம் பலம் குறையும். பேரிங் மாத்தினா வெளி ரேஸுக்குப் பின்னாடி இருக்கற இன்சுலேஷன் காகிதத்தயும் புதுசா போடணும், தூக்கிப் போட்டுடாதீங்க.

டிரைவ் பினியன் (மேக்னெட்டோவச் சுத்த வைக்கற பல் சக்கரம்) டேப்பர் ஷாஃப்ட்ல பிடிச்சு நிக்குது, கீ கிடையாது. சுத்தியல் வேண்டாம், புல்லர் போட்டு எடுங்க. அப்புறம் மில்லிமீட்டர் ஸ்பேனர ஓரமா வைங்க. இந்த வண்டி நட்டு எல்லாம் விட்வொர்த், சைக்கிள் த்ரெட் ஜாதி. கால் இன்ச் விட்வொர்த் நட்டுக்கு 13.3 மில்லிமீட்டர் வரும். 13 உள்ள போகாது, 14 போட்டா முனைய வழிச்சுடும். ஜி.பி. ரோட்டுலயும் பாரிமுனைப் பக்கம் பழைய டூல்ஸ் கடைங்கள்லயும் தேடினா விட்வொர்த் செட் கிடைக்கும். துருப்பிடிச்சிருந்தாலும் வாங்கிடுங்க, அந்தக் காலத்து இரும்பு.

ரிச்சி_தெரு_வாசி

கண்டென்சர் என் ஏரியா. ரிச்சி தெருவுல 0.22 மைக்ரோ ஃபாராட், 630 வோல்ட், பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் கேளுங்க. பல்ஸ் தாங்கறதான்னு கேட்டு வாங்குங்க. கடைக்காரர் பாலியெஸ்டர் ஒண்ண நீட்டுவார், எல்லாம் ஒண்ணுதான் சார்னுவார். ஒண்ணு இல்ல. பாயிண்ட் திறக்கற ஒவ்வொரு தடவையும் அதுல சரேல்னு கரண்ட் பாயுது, பாலியெஸ்டர் சீக்கிரம் செத்துப் போகும். விலை ஒரு காப்பிக் காசு கூட வராது, நாலஞ்சா வாங்கி ஆர்மேச்சர் முனைக் குழிக்குள்ள எது அடங்குதுன்னு பாத்துக்கோங்க. ஆர்மேச்சரோட சேந்து சுத்துது, அதனால எபாக்ஸி ஊத்தி அசையாம கட்டணும்.

டுவெல்வ்_வோல்ட்_குமரன்

எதுக்கு இவ்ளோ கஷ்டம்? மேக்னெட்டோ உள்ள இருக்கறத எல்லாம் தூக்கிட்டு, 12 வோல்ட் பேட்டரி, ஏதாவது ஒரு பைக் காயில் போட்டா வேலை முடிஞ்சுது.

லேத்_சித்தப்பா

ஓடும், இல்லன்னு சொல்லல. ஆனா அப்புறம் பேட்டரி படுத்தா வண்டியும் படுத்துடும். இப்போ பேட்டரியே இல்லாம ஓடற வண்டி அது. எம்20 லட்சத்துக்கும் மேல செஞ்சு பாலைவனத்துலேருந்து பர்மா வரைக்கும் அனுப்பினதே இப்படி எங்கயும் கிளம்பும்னுதான்.

2021-ல வந்த விண்டேஜ் பதிவு விதி வேற இருக்கு. 50 வருஷம் தாண்டின வண்டி, சேஸி, பாடி, இன்ஜின் பெருசா மாத்தாம மூல வடிவத்துல இருக்கணும்னு கேக்குது. அந்த விதிப்படி குடுக்கற விஏ (விண்டேஜ்) நம்பர் வாங்கினா தினசரி ஓட்ட முடியாதுங்கறதயும் தெரிஞ்சுக்கோங்க, கண்காட்சி, ராலி மாதிரி விஷயத்துக்குத்தான். தம்பிகிட்ட பழைய ஆர்.சி உயிரோட இருந்தா அதையே காப்பாத்திக்கறது நல்லது.

வேளச்சேரி_எம்20

சித்தப்பா, பிரிச்சாச்சு. சேஃப்டி ஸ்க்ரூ நீங்க சொன்ன மாதிரியே கிரீஸுக்கு அடியில ஒளிஞ்சிருந்துச்சு. ஊசி வெச்சுச் சுரண்டித்தான் கண்டுபிடிச்சேன்.

உள்ள ஆர்மேச்சர் மேல பூசியிருக்கற அரக்கு கத்திரி வெயில்ல வெச்ச வெல்லம் மாதிரி இளகி, ஒரு பக்கம் வழிஞ்சிருக்கு. விரல வெச்சா ஒட்டுது. வைண்டிங் செகண்டரி மீட்டர்ல 5 கிலோ ஓம் பக்கம் காட்டுது. கண்டென்சரத் தனியா எடுத்து ஹேர் டிரையர் வெச்சு சூடு பண்ணினா மெகர்ல (இன்சுலேஷன் பாக்கற மீட்டர்) முள்ளு கீழ இறங்கிட்டே வருது. ஆறினா ஏறுது.

கண்டென்சர் மட்டும் மாத்தட்டுமா, வைண்டிங்கும் சேத்துக் கட்டட்டுமா?

லேத்_சித்தப்பா

அரக்கு இளகிட்டா வைண்டிங்கயும் கட்டிடுங்க. இப்போ 5 கிலோ ஓம் காட்டினாலும் அந்த அரக்கு வழிஞ்சு பாடில ஒட்டினா ஆர்மேச்சரே சுத்தாம பிடிச்சுக்கும். அப்போ டைமிங் நழுவி, நடு ரோட்டுல திரும்பப் பிரிக்கணும். ஒரே தடவ பிரிச்சு ஒரே தடவ மூடுங்க.

மிக்ஸி, மோட்டார் கட்டற கடையில குடுக்காதீங்க. செகண்டரி வயர் தலைமயிர விட மெலிசு, அவங்க மெஷின்ல அறுந்து அறுந்து வரும். மேக்னெட்டோ கட்டின அனுபவம் உள்ளவங்ககிட்ட, வேக்குவம்ல எபாக்ஸி ஏத்தித் தரணும்னு சொல்லிக் குடுங்க. ஸ்லிப் ரிங், எர்த் பிரஷ், பிக்கப் பிரஷ் மூணயும் பாத்து மாத்தச் சொல்லுங்க. பாடில காந்தமும் ஏத்தி வாங்கிடுங்க.

திரும்ப மாட்டும்போது டைமிங்: லீவர் முழு அட்வான்ஸ், பிஸ்டன் உச்சிக்கு 7/16 இன்ச் முன்னாடி, அதாவது 11 மில்லிமீட்டர். அந்த இடத்துல பாயிண்ட் அப்பத்தான் திறக்கணும். பாயிண்ட் நடுவுல சிகரெட் பேப்பர் ஒண்ணு சொருகி லேசா இழுத்துட்டே பினியனத் திருப்புங்க, பேப்பர் நழுவற இடம்தான் சரி. ஹெட்டக் கழட்டிட்டே அளந்துடுங்க. சைடு வால்வுல ஹெட் வெறும் மூடிதான், வால்வு ஒண்ணும் அதுல இல்ல. நட்ட இறுக்கும்போது பினியன் கொஞ்சம் நகரும், அதனால இறுக்கினப்புறம் திரும்ப ஒரு தடவ பேப்பர் வெச்சுப் பாத்துடுங்க.

வேளச்சேரி_எம்20

வைண்டிங், கண்டென்சர், பேரிங் எல்லாம் புதுசு. நேத்து மத்தியானம் வேணும்னே உச்சி வெயில்ல எடுத்தேன். வேளச்சேரி, கிண்டி, கத்திப்பாரா, திரும்ப பரங்கிமலை, பல்லாவரம் டிராஃபிக்னு கிடந்து ஊர்ந்தும் நிக்கல. நிறுத்திட்டு உடனே மிதிச்சேன், சூட்டுலயே முதல் கிக்ல எடுத்துடுச்சு. சித்தப்பாவுக்கும் ரிச்சி தெருக்காரருக்கும் ரொம்ப நன்றி.

இன்னொரு சின்ன சந்தேகம். ஒரு வாரம் நிறுத்தி வெச்சா ஆயில் டேங்க்ல மட்டம் குறையுது, ஸ்டார்ட் பண்ணினா சைலன்சர்ல வெள்ளைப் புகை கொட்டுது. தரையில ஒரு சொட்டு கூட இல்ல.

லேத்_சித்தப்பா

டேங்க்ல இருக்கற ஆயில் பம்ப் வழியா இறங்கி இன்ஜின் அடியில சேருது. பயப்பட ஒண்ணுமில்ல. ஆயில் லைன்ல ஒரு பால் வால்வு இருக்கு, அதுக்கு அடியில கசடு ஒட்டியிருக்கும். அதக் கழட்டிக் கழுவி, குண்ட அதோட இடத்துல வெச்சு மெதுவா ஒரு தட்டு தட்டி உக்கார வைங்க. அது வரைக்கும், நாள் கணக்குல நின்ன வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி அடி பிளக்கத் திறந்து ஆயில வடிச்சு, வடிகட்டி டேங்க்லயே ஊத்திடுங்க. வடிக்காம மிதிச்சா சீல் வழியா பிதுக்கிட்டு வந்து உங்க கிளட்ச் பிளேட்ட நனைக்கும்.