ஆர்எஸ்எல் கழற்றிய பழைய ரிக்கை வாங்கலாமா?

புதுச்சிறகு:
எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸில் இருக்கிறேன். சமீபத்தில்தான் ஸ்கைடைவிங்கில், அதாவது விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பதில், பி லைசென்ஸ் கிடைத்தது. இதுவரை டிராப்ஸோனின் (குதிக்கும் இடம்) வாடகை ரிக்கில் (பாராசூட்டுகள் அடங்கிய முதுகுப்பை) ஓட்டிவிட்டேன், இனி சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று தேடியதில் பழைய ரிக் ஒன்று மலிவாக வந்திருக்கிறது. மெயின் (முதன்மைப் பாராசூட்), ரிசர்வ் (அது பழுதானால் திறக்கும் மாற்றுப் பாராசூட்) இரண்டும் நல்ல நிலையில் இருப்பதாக விற்பவர் சொல்கிறார். எனக்கு இடிப்பது இரண்டு விஷயம். மெயினைக் கழற்றிவிட்டதும் ரிசர்வைத் தானாகத் திறக்கும் ஆர்எஸ்எல் நாடாவைக் கழற்றி வைத்திருக்கிறார். கேட்டால், "அதெல்லாம் மாணவர்களுக்கு, உனக்கு இனி எதற்கு?" என்கிறார். உள்ளே இருக்கும் ஏஏடியின் (தாழ்ந்த பிறகும் வேகமாக விழுந்தால் ரிசர்வைத் திறந்துவிடும் கருவி) ஆயுளும் முடிந்துவிட்டது, அது "இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது" என்று சொல்லிவிட்டார். வாங்கலாமா, விட்டுவிடலாமா?

மேகநாதன்:
தம்பி, லைசென்ஸுக்கு வாழ்த்துகள். ஏஏடி பற்றி அவர் சொல்வது அபத்தம், அதை ஒதுக்கு. ஆனால் ஆர்எஸ்எல் பற்றிச் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

மெயின் திறக்கும்போது ஒரு பக்கம் லைன் சிக்கிச் சுற்ற ஆரம்பித்தால் எப்படி இருக்கும் தெரியுமா? சின்ன கேனபியாக (விரிந்த பாராசூட்) இருந்தால் நீ அதற்குக் கீழே தொங்க மாட்டாய், பக்கவாட்டில் வீசப்பட்டு மல்லாக்காகச் சுழல்வாய். அந்த நிலையில் சிவப்புப் பிடியை இழுத்து மெயினை விட்டால், ஆர்எஸ்எல் உனக்காகக் காத்திருக்காது. நீ சுழன்றுகொண்டிருக்கும்போதே ரிசர்வை வெளியே தள்ளிவிடும். லைன்களில் முறுக்கு விழும். நாடா இல்லையென்றால் ஓரிரு விநாடி சும்மா விழுந்து, வயிறு தரையைப் பார்க்க நிமிர்ந்து, அப்புறம் இடப்பக்கம் வெள்ளிப் பிடியை இழுக்கலாம். ரிசர்வ் நேராகத் திறக்கும்.

இன்னொன்றையும் யோசி. ஆர்எஸ்எல் மாட்டியிருக்கும் பக்கத்து ரைசர் (உன்னையும் மெயின் லைன்களையும் இணைக்கும் பட்டை) அறுந்துபோனால், நீ எதையும் தொடாமலே ரிசர்வ் திறந்துகொள்ளும். மெயினோ மறுபக்க ரைசரில் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போய்ச் சிக்கினால் கதை முடிந்தது.

நான் பல வருடமாக அது இல்லாமல்தான் குதிக்கிறேன், இப்போது விங்சூட்டும் (துணிச் சிறகு வைத்த உடை) அப்படியே. கட்அவே செய்யவேண்டி, அதாவது பழுதான மெயினைக் கழற்றிவிடவேண்டி, வந்தபோது கை தானாகப் போனது. சிவப்பு, வெள்ளி, அவ்வளவுதான். அந்த வேலையை ஒரு துண்டு நாடாவிடம் ஒப்படைக்க எனக்கு மனசில்லை.

தரையில் நிற்பவன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் குதிக்கிற ஆள் இல்லை. அக்கா வீட்டுக்காரர் துபாயில் குதிக்கிறார், அக்காவின் புலம்பலைக் கேட்பதுதான் என் வேலை. ஆர்எஸ்எல், ஏஏடி இரண்டுமே ரிசர்வைத் தானாகத் திறக்கிற சமாச்சாரம்தானே? ஒன்று இருந்தால் போதாதா?

நூலிழை:
போதாது. நான் ரிக்கர், ரிசர்வ் மடிப்பதுதான் தொழில். கணக்கோடு சொல்கிறேன்.

ஆர்எஸ்எல் என்பது மெயினின் ரைசரிலிருந்து ரிசர்வ் பின்னுக்குப் போகும் நாடா. மெயினைக் கழற்றியதும் விலகிப் போகிற ரைசரே பின்னை இழுத்துவிடும். பேட்டரியும் கிடையாது, சென்சாரும் கிடையாது. ஏஏடி வேறு ரகம். காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் விழும் வேகத்தையும் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும் சின்னக் கருவி. 1991-ல் ஜெர்மனியின் ஏர்டெக் கொண்டுவந்த சைப்ரஸ்தான் இதைப் பரவலாக்கியது. லைசென்ஸ் உள்ளவர்களுக்கான வழக்கமான மாடல், சுமார் 750 அடிக்குக் கீழே மணிக்கு 78 மைலுக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால்தான் ரிசர்வின் மூடுகயிற்றை வெட்டும். மயங்கிப் போனவர், உயரத்தை மறந்து இழுக்காமலே விழுகிறவர், இவர்களுக்காக வந்தது அது.

இப்போது ஒருவர் 500 அடியில் மெயினைக் கழற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் கழற்றவே கூடாது, ஆனாலும் பதற்றத்தில் கழற்றுகிறார்கள். அதுவரை பாதி திறந்த கேனபியின் கீழ் ஓரளவு மெதுவாக இறங்கியவர் அவர். மறுபடி 78 மைல் வேகம் பிடிக்க மூன்று, நான்கு விநாடி ஆகும், அதற்குள் 200 அடி போய்விடும். ஏஏடி அப்போதுதான் வெட்டும். மிச்சம் 300 அடி. அந்த வேகத்தில் அது மூன்று விநாடிகூட இல்லை. ரிசர்வ் முழுதாகத் திறக்க, அதன் தரச்சான்று விதியே 3 விநாடி வரை இடம் கொடுக்கிறது. கூட்டிப் பாருங்கள். ஆர்எஸ்எல் இருந்திருந்தால் கழற்றிய அந்தக் கணமே ரிசர்வ் கிளம்பியிருக்கும்.

மேகநாதன் அண்ணா, நீங்கள் சொல்லும் அந்த ஓரிரு விநாடி உங்களுக்கு ஓரிரு விநாடி. முதல் கட்அவே செய்கிற பையனுக்கு அது எவ்வளவு நீளும் என்று யாருக்கும் தெரியாது. மெயினைக் கழற்றிவிட்டு ரிசர்வை இழுக்காமலே போனவர்கள், மிகத் தாமதமாக இழுத்தவர்கள், இவர்கள் அமெரிக்கப் பாராசூட் சங்கமான யூஎஸ்பிஏவின் விபத்து அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். முறுக்கு விழுந்த ரிசர்வ் பெரும்பாலும் நேராகவே பறக்கும், உதைத்துப் பிரித்துக்கொள்ளலாம். ரிசர்வ்கள் மெயின் மாதிரி துள்ளுவதில்லை, அதற்காகவே சாதுவாகச் செய்யப்படுபவை.

ரைசர் அறுவது உண்மையான ஆபத்துதான், மறுக்கவில்லை. அதற்காகவே சில கம்பெனி ரிக்குகளில் காலின்ஸ் லேன்யார்ட் இருக்கிறது. ஆர்எஸ்எல் பக்கத்து ரைசர் விலகினால் அது மறுபக்கக் கேபிளையும் இழுத்து மெயினை முழுதாக விடுவித்துவிடும். அது இல்லாத ரிக்கில் தேய்ந்த ரைசரைக் காலாகாலத்தில் மாற்றுவதுதான் வழி.

பெரிஸ் வவ்வால்:
2026 மாதிரியா பேசுகிறீர்கள், இன்னும் வெறும் ஆர்எஸ்எல்லிலேயே நிற்கிறீர்களே! ஸ்கைஹுக் என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை. மெயினைக் கழற்றிவிட உதவும் மூன்று வளைய ரிலீஸைக் கண்டுபிடித்த அதே ஃபுளோரிடாக்காரர் பில் பூத் கொண்டுவந்தது. கழன்று போகும் மெயினே ரிசர்வ் பையையும் பிடுங்கிக்கொண்டு போகும். ரிசர்வை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்டான பைலட் சூட் காற்றைப் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் கவிழ்ந்து புரளும் முன்பே லைன் நீண்டுவிடும். அண்ணன் சொல்கிற முறுக்கு வாதத்தில் பாதிக்கு மேல் இதிலேயே அடிபட்டுப் போகிறது. நான் ஸ்வூப் (தரைக்குப் பக்கத்தில் வேகம் பிடித்து இறங்குவது) செய்கிறவன், சின்னச் சின்ன கேனபி. ஒரு காலத்தில் எங்கள் கூட்டம்தான் ஆர்எஸ்எல்லை முதலில் கழற்றி எறிந்தது. இப்போது அதே கூட்டம் இந்த மாதிரி அமைப்பு இல்லாமல் விமானம் ஏறத் தயங்குகிறது.

மேகநாதன்:
வவ்வால், உன் ரிக் புதுசு, உன் பர்ஸும் கனம். தம்பி கேட்பது மலிவான பழைய ரிக். அதில் ஸ்கைஹுக் இருக்கும் என்று எதை வைத்துச் சொல்கிறாய்?

கருவிகளை நம்பச் சொல்கிறவர்களுக்கு ஒரு பழைய விஷயம். ஆர்கஸ் என்று ஒரு ஏஏடி இருந்தது. அதன் கட்டர் மூடுகயிற்றைச் சரியாக வெட்டாமல் போன சம்பவங்கள் வந்து, 2011-ல் பல ரிக் தயாரிப்பாளர்கள் தங்கள் ரிக்கில் அதைப் போடக் கூடாது என்று தடை போட்டார்கள். உயிர் காக்க வைத்ததே குறுக்கே நின்றது. நீ புகழ்கிற பில் பூத்தே ஒன்று சொல்வார்: கருவி எவ்வளவு பாதுகாப்பாக ஆகிறதோ, குதிப்பவர்கள் அவ்வளவு அதிகமாக ஆபத்தைத் தேடிப் போவார்கள், சாவுக் கணக்கு மாறாமல் இருக்கும் என்று. ஏஏடி இருக்கிறது என்கிற தைரியத்தில் தாழ்வாக இழுக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். மெயினும் ரிசர்வும் ஒரே நேரத்தில் வெளியே வந்து, இரண்டுக்கும் அடியில் தொங்கிக்கொண்டு இறங்குவார்கள்.

தரையில் நிற்பவன்:
அப்படியென்றால் கணக்கு மாறவே இல்லையா?

பெரிஸ் வவ்வால்:
மாறியிருக்கிறது. 1970-களில் அமெரிக்காவில் சராசரியாக ஆண்டுக்கு நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். 2021-ல் 10 பேர், அதுவும் முப்பத்தைந்து லட்சம் ஜம்ப்களுக்கு மேல் நடந்த ஆண்டில். பூத் சொன்னது வேறு விதத்தில் பலிக்கிறது. இப்போது சாகிறவர்களில் நிறையப் பேர் நன்றாகத் திறந்த கேனபியின் கீழேதான் சாகிறார்கள். தரைக்குப் பக்கத்தில் வேகம் பிடிக்கத் திருப்புவது, கடைசி நேரத்தில் யாரோ குறுக்கே வந்தார்கள் என்று சட்டென்று டாகிளை (கேனபியைத் திருப்பும் பிடி) இழுப்பது, இதெல்லாம்தான். என் ரகத்து ஆட்கள் என்று சொல்லிக்கொள்ளப் பெருமையாக இல்லை. ஸ்வூப் வேகத்திலேயே ஏஏடி சுட்டுவிடுவது நடந்த பிறகுதான் எங்களுக்கென்று அதிக வேகத்தில் மட்டும் சுடும் சைப்ரஸ் மாடலே வந்தது.

அக்கா வீட்டுக்காரரிடம் ஆர்எஸ்எல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, எவ்வளவு சின்ன கேனபியில் எப்படித் தரையிறங்குகிறார் என்றும் கேளுங்கள்.

தரையில் நிற்பவன்:
அதை அக்காவிடம் சொன்னால் எனக்குத்தான் திட்டு விழும்.

நூலிழை:
மேகநாதன் அண்ணா, ஆர்கஸ் உதாரணம் சரிதான். ஆனால் ஆர்எஸ்எல்லில் வெட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. ஏஏடி மேல் வந்த கோபத்தை நாடா மேல் காட்டுகிறீர்கள். ஆர்எஸ்எல்லைக் கழற்றியே ஆகவேண்டிய இடங்கள் உண்டு. கேனபியோடு கேனபி ஒட்டிப் பறக்கிறவர்கள் மாட்டக் கூடாது. அடுத்தவர் துணி உங்களைச் சுற்றியிருக்கும்போது மெயினைக் கழற்றினால், ரிசர்வும் அந்தத் துணிக்குள்ளேயே திறக்கும். ஹெல்மெட் கேமராக்காரர்களும் விங்சூட்காரர்களும் யோசித்து முடிவு செய்கிறார்கள், அது அவர்கள் பாடு. பி லைசென்ஸ் பையன் வயிறு கீழே வைத்துச் சாதாரணமாகக் குதிக்கிறான். அவனுக்கு இதில் எது பொருந்துகிறது?

புதுச்சிறகு:
எதுவும் இல்லை அக்கா. நான் நாலு பேர் சேர்ந்து பிடிக்கும் ஃபார்மேஷனைத் தாண்டி எதுவும் செய்வதில்லை. எனக்கு முடிவெடுக்கும் உயரம் 1,800 அடி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கழற்றுவதா இல்லையா என்று அதற்குள் முடிவெடுத்துச் செய்துவிட வேண்டும், 1,000 அடிக்குக் கீழே போய்விட்டால் கழற்றாமல் ரிசர்வை இழு என்று. அப்படியென்றால் ஆர்எஸ்எல் நாடாவை நானே வாங்கி மாட்டிக்கொள்ளலாமா?

நூலிழை:
நீயே மாட்டாதே. அந்த ரிக் மாடலுக்குரிய பாகமா, ரிசர்வ் பின் பக்கத்து வளையம் சரியாக இருக்கிறதா என்று ரிக்கர் பார்க்க வேண்டும். காசு கைமாறும் முன் ரிக்கை ரிக்கரிடம் அனுப்பச் சொல். மறுத்தால் அங்கேயே விட்டுவிடு.

ஏஏடி பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லை. லைசென்ஸ் உள்ளவருக்கு ஏஏடி கட்டாயம் என்று அமெரிக்கச் சட்டம் சொல்வதில்லை. டேண்டம் குதிப்புக்குத்தான் (பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிப்பது) கட்டாயம். ஆனால் ரிக்குக்குள் ஏஏடி இருந்தால், அதைத் தயாரிப்பாளர் சொன்னபடி பராமரித்திருக்க வேண்டும். ஆக ஏஏடியே இல்லாத ரிக்கோடு நீ குதிக்கலாம், ஆயுள் முடிந்த ஏஏடி உள்ள ரிக்கோடு குதிக்கக் கூடாது! வேடிக்கையாக இருக்கும், ஆனால் விதி அப்படித்தான். எந்த ரிக்கரும் அதை உள்ளே வைத்து முத்திரை போட மாட்டார், போடவும் கூடாது. இப்போது வரும் சைப்ரஸுக்கு 15½ ஆண்டு ஆயுள். புது ஏஏடி ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். அதை விலையில் கழித்துப் பேசு. மலிவு என்று நீ நினைத்தது அப்போது எவ்வளவு மலிவு என்று தெரியும்.

ரிசர்வை மடித்த தேதிகளைக் குறிக்கும் டேட்டா கார்டைக் கேள். நைலான் ரிசர்வை 180 நாளுக்கு ஒரு முறை சான்றிதழ் உள்ள ரிக்கர் திறந்து மடித்திருக்க வேண்டும். 2008 வரை அது 120 நாள். கார்டில் தேதிகளுக்கு நடுவே வருடக்கணக்கில் இடைவெளி இருந்தால், அந்த ரிக் அத்தனை காலம் எங்கே எப்படிக் கிடந்தது என்று விசாரி. கார் டிக்கியில் வெயிலில் கிடந்ததா, அலமாரியிலா?

அப்புறம் மூன்று வளையம். பழைய ரிக்கில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ரைசரைக் கழற்றி அதன் நாடாவைக் கையில் வளைத்துப் பார். வருடக்கணக்காக ஒரே நிலையில் இருந்தால் அது வளையத்தின் வடிவத்திலேயே விறைத்துப் போயிருக்கும். மஞ்சள் கேபிளை வெளியே இழுத்து இரண்டு விரலால் தடவினால் பிசுபிசுப்பாக அழுக்கு ஒட்டும். அப்படியே விட்டால் சிவப்புப் பிடியை இழுக்கத் தேவைப்படும் பலம் கூடும், சுழலும்போது அந்தப் பலம் உன்னிடம் இருக்காது. மாதம் ஒரு முறை கழற்றி, நாடாவை வளைத்து, கேபிளைத் துடைத்து லேசாக எண்ணெய் தடவு. செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது, செய்கிறவர்கள்தான் குறைவு.

மெயின் லைன் ஸ்பெக்ட்ரா என்ற இழையால் ஆனதா என்று கேள். ஸ்லைடர் (கேனபி மெதுவாகத் திறக்க லைன்களில் வழுக்கி இறங்கும் துணி) உரசும் சூட்டில் ஸ்பெக்ட்ரா சுருங்கும், பிரேக் லைன்கள்தான் அதிகம் சுருங்கும். நேராகப் பறக்காமல் ஒரு பக்கம் இழுக்கும், திறக்கும்போதும் முரண்டு பிடிக்கும். அண்ணன் சொன்ன அந்தச் சுழல் பல நேரம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மேகநாதன்:
கடைசியாகச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. லைன் செட் மாற்றாமல் ஓட்டுகிறவர்கள்தான் முதலில் கட்அவே செய்கிறார்கள்.

ஆர்எஸ்எல்லில் என் நிலை மாறாது, என் ரிக்கில் மாட்டப் போவதும் இல்லை. தம்பிக்கு வேண்டுமானால் மாட்டிக்கொள்ளட்டும். ஆனால் அது இருக்கிறது என்று வெள்ளிப் பிடியை இழுக்காமல் இருந்துவிடாதே. நாடா வேலை செய்ததா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்காமல் இரண்டையும் இழு. காற்று அதிகமான நாளில் இறங்கியதும் கேனபி உன்னைத் தரையோடு இழுத்தால், முதலில் ஆர்எஸ்எல் ஷேக்கிளை (ரைசரோடு மாட்டும் கொக்கி) திறந்துவிட்டு அப்புறம் மெயினைக் கழற்று. இல்லையென்றால் தரையில் கிடந்தபடியே ரிசர்வும் திறந்துகொள்ளும். மறுபடி மடிக்க நூலிழைக்குத்தான் காசு.

நூலிழை:
வாங்கிக்கொள்வேன்.

புதுச்சிறகு:
விற்பவருக்கு இப்போதுதான் மெசேஜ் போட்டேன், ரிக்கை எங்கள் டிராப்ஸோன் ரிக்கரிடம் அனுப்பச் சொல்லி. "அவ்வளவு சந்தேகம் இருந்தால் வேறு ஆளைப் பார்" என்று பதில் வந்தது. டேட்டா கார்டின் படமும் கேட்டிருந்தேன், அதற்குப் பதிலே இல்லை. விட்டுவிட்டேன். வேறு ரிக் கண்ணில் பட்டால் படத்தோடு இங்கே போடுகிறேன், அடித்துத் துவையுங்கள்.