காலையில் மட்டும் எரியும் டயர் விளக்கு

கேள்வி: ஓசூரில் இருக்கிறேன். மூன்று நாளாகக் காலையில் வண்டியை எடுத்ததும் டாஷ்போர்டில் டயர் காற்று குறைந்ததைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிகிறது. கொஞ்ச தூரம் ஓடியதும் அணைந்துவிடுகிறது. போன வாரம் நல்ல வெயிலில், நீண்ட தூரம் ஓட்டி வந்த சூட்டோடு காற்று பிடித்தேன். நாளை அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகணும். பயமாக இருக்கிறது.

பதில் 1: சூட்டில் பிடித்ததுதான் காரணமாக இருக்கும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் டயரின் காற்றழுத்தம் சுமார் 2 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) இறங்கும். டயர் ஆறியிருக்கும்போது, டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவுக்குப் பிடியுங்கள்.

பதில் 2: நான்கையும் தனித்தனியாக அளந்து பாருங்க. ஒன்று மட்டும் குறைந்தால் ஆணி ஏறியிருக்கலாம்.

கேட்டவர்: மூன்றில் 29, பின் இடதில் 22! ஆணிதான். பஞ்சர் போட்டாச்சு. ஸ்டெப்னியிலும் காற்றில்லை, அதையும் பிடித்துவிட்டேன். ரொம்ப நன்றி.