அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு: தங்குமிடத்தைத் தேர்வதும் அதற்கு முன் செய்ய வேண்டியவையும்

அமெரிக்காவுக்கு வந்து இரண்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருக்க, பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்துக் கல்லூரிக்குப் போகவிருக்கும் குடும்பங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அனுமதிக் கடிதம் வந்த மகிழ்ச்சியில் பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. படிப்பதற்கான இடமும் தங்குவதற்கான இடமும் இங்கே பெரும்பாலும் தனித்தனி விண்ணப்பங்கள். மே 1-க்குள் சேர்க்கையை உறுதிசெய்து முன்பணம் கட்டிவிட்டோம், விடுதி அறை தானாக வந்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது. ஹவுசிங் விண்ணப்பத்துக்கென்று தனிக் கட்டணமும் தனிக் கெடுநாளும் இருக்கும். பல இடங்களில் விண்ணப்பித்த வரிசையிலேதான் அறையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் கிடைக்கும்.

சில பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவர்கள் வளாக விடுதியிலேயே தங்க வேண்டும் என்பது விதி. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் போன்றவை அப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை. தெரிவு நம் கையில் விடப்படும் இடங்களில்தான் குழப்பமே தொடங்குகிறது.

என் மூத்த மகனுக்கு நாங்கள் செய்த தேர்வு தவறாகப் போனது. விடுதிக் கட்டணத்தையும் உணவுத் திட்டத்தையும் கூட்டிப் பார்த்தபோது, வளாகத்திலிருந்து இரண்டு மைல் தொலைவில் இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட்டை ஒரு நண்பனோடு பகிர்ந்துகொள்வது மலிவாகத் தெரிந்தது. சமையலறை இருக்கிறது, வீட்டுச் சாப்பாடு சாப்பிடுவான் என்பதும் மனத்துக்கு ஆறுதலாக இருந்தது. ஜனவரியில் அந்த நண்பன் வேறு கல்லூரிக்கு மாறிப் போய்விட்டான். இருவரும் சேர்ந்து கையெழுத்திட்ட குத்தகை என்பதால், ஜூலை முடியும் வரை முழு வாடகையையும் நாங்களே கட்டினோம். பணம் போனதைவிட எனக்கு அதிகம் வலித்தது வேறொன்று. வகுப்பு முடிந்ததும் பேருந்தைப் பிடித்து அறைக்குத் திரும்பிவிடுவதே அவனுக்கு வழக்கமாகியிருந்தது. இரவு பத்து மணிக்கு ஒரு கணக்குப் புரியவில்லை என்றால் கதவைத் தட்டிக் கேட்பதற்கு அவனுக்கு யாருமே இல்லை.

ஆகவே, கட்டாயம் இல்லாவிட்டாலும் முதலாண்டை வளாக விடுதியில் கழிப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. செலவு சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். நட்புகள் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே அமைந்துவிடுகின்றன. அந்த நாட்களில் எல்லாரும் புதியவர்கள், எல்லாருக்கும் பேச்சுத் துணை தேவைப்படுகிறது. பள்ளியின் கடைசி ஓரிரு ஆண்டுகளில் மட்டும் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த நம் பிள்ளைகளுக்கு, சிறு வயது முதல் இங்கே வளர்ந்தவர்களுக்கு இருக்கும் பழைய நண்பர் வட்டம் இருக்காது என்பதால், அந்த வாரங்கள் அவர்களுக்கு இன்னும் முக்கியமானவை.

பிள்ளையின் நலம் கருதி ஒற்றை அறையைக் கேட்டு வாங்க நினைக்கும் பெற்றோர் பலரைப் பார்த்திருக்கிறேன். மருத்துவக் காரணம் இருந்தால் அது சரியே. அதற்கு மாற்றுத் திறனாளிகள் சேவை அலுவலகத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மற்றபடி, நீண்ட நடைபாதையின் இருபுறமும் இருவர் அறைகளும் தளத்துக்குப் பொதுவான குளியலறையும் கொண்ட பழைய பாணிக் கட்டடம், படத்தில் அழகாகத் தெரியாவிட்டாலும், முதலாண்டுக்கு மிகவும் பொருத்தமானது. பல் துலக்கும்போதே பத்துப் பேரோடு பழகிவிடலாம். என் மகள் அப்படிப்பட்ட தளத்தில்தான் இருந்தாள். அந்தத் தளத்தில் கிடைத்த மூவர்தான் இரண்டாம் ஆண்டில் அவளோடு சேர்ந்து வீடு எடுத்தார்கள். பழைய கட்டடங்கள் சிலவற்றில் குளிர்சாதன வசதி இருக்காது என்பதை மட்டும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அறைத்தோழரைத் தேர்வதற்கான வினாப்படிவத்தைப் பிள்ளையே, உள்ளபடியே நிரப்பட்டும். இரவு இரண்டு மணிக்குத் தூங்குகிற பிள்ளை பத்து மணிக்குத் தூங்குவதாகப் பெற்றோர் எழுதிக் கொடுத்தால், ஆண்டு முழுவதும் இருவருக்கும் தொல்லை. சேர்ந்த சில நாட்களில், தளத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆர்.ஏ. (ரெசிடென்ட் அசிஸ்டன்ட்) எனப்படும் மூத்த மாணவர், இருவரையும் உட்காரவைத்து விளக்கணைக்கும் நேரம், விருந்தினர், பொருட்களைப் பகிர்வது பற்றி ஓர் உடன்பாடு எழுதச் சொல்வார். நம் பிள்ளைகள் கூச்சத்தால் எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டிவிடுவதுண்டு. வேண்டாததை அன்றைக்கே சொல்லிவிடலாம் என்று வீட்டிலேயே பேசி அனுப்புங்கள்.

வெளியில்தான் வீடு எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால், குத்தகைப் பத்திரத்தில் மூன்றைப் பாருங்கள். முதலாவது காலம்: விடுதி ஒப்பந்தம் பொதுவாக ஒன்பது மாதக் கல்வியாண்டுக்கு, வெளிக் குத்தகை பெரும்பாலும் பன்னிரண்டு மாதங்களுக்கு. அதனால் மாத வாடகையை மட்டும் ஒப்பிட்டால் கணக்குத் தவறும். இரண்டாவது பொறுப்பு: படுக்கைக்கு ஒரு குத்தகை என்ற முறையில் அவரவர் பங்குக்கு மட்டும் அவரவர் பொறுப்பு, கூட்டுக் குத்தகையில் ஒருவர் விலகினால் மற்றவர் முழுத்தொகைக்கும் பொறுப்பு. நாங்கள் மாட்டிக்கொண்டது இதில்தான். மூன்றாவது உத்தரவாதம்: பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு வருமானமோ, கடனைத் தவறாமல் அடைத்ததைக் காட்டும் கிரெடிட் வரலாறோ இருக்காது, ஆகவே பெற்றோர் கையெழுத்தைக் கேட்பார்கள். அண்மையில் வந்த பெற்றோருக்கும் கிரெடிட் வரலாறு போதாமல் இருக்கலாம் என்பதால், கூடுதல் முன்பணம் கேட்கப்படுமா என்பதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்.

விடுதி விதிகளில் நம் வீடுகளை நேரடியாகத் தொடுபவை சில உண்டு. அறைக்குள் அகல்விளக்கு, கர்ப்பூரம், ஊதுபத்தி எதையும் ஏற்ற முடியாது; புகை உணர்கருவி ஒலித்தால் நள்ளிரவிலும் கட்டடம் முழுவதும் வெளியே வந்து நிற்க வேண்டியிருக்கும். மின்னடுப்புக்கு அநேகமாக எங்கும் தடைதான்; ரைஸ் குக்கருக்குப் பல விடுதிகளில் அனுமதி இல்லை. முதலாண்டு விடுதியில் உணவுத் திட்டம் பெரும்பாலும் கட்டாயம். ஆகவே சைவப் பிள்ளையாக இருந்தால், வளாகத்தைப் பார்க்கப் போகும் நாளிலேயே உணவுக்கூடத்தில் ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாங்க வேண்டிய சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பல விடுதிகளின் மெத்தை 80 அங்குல நீளமுள்ள ட்வின் எக்ஸ்எல் அளவு. 75 அங்குல ட்வின் விரிப்பு அதில் பொருந்தாது. மற்றவற்றைப் போய்ச் சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

தடுப்பூசிச் சான்றுகளைக் கோடையின் தொடக்கத்திலேயே எடுத்து வையுங்கள். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா) தடுப்பூசியின் இரண்டு தவணைகளுக்கும் தேதியோடு சான்று கேட்பார்கள். இந்தியாவில் போட்ட ஊசிகளின் அட்டை தொலைந்திருந்தால் இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புத்திறனைக் காட்டலாம். டெக்சஸ் மாநிலச் சட்டப்படி, 22 வயதுக்கு உட்பட்ட புதிய மாணவர்கள் மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்) தடுப்பூசியைப் பருவம் தொடங்குவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் போட்டிருக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டில், பெற்றோரின் திட்டத்திலேயே 26 வயது வரை பிள்ளை தொடரலாம். ஆனால் அந்தத் திட்டம் வேறு மாநிலத்திலுள்ள கல்லூரி ஊரில் செல்லுமா என்று பார்த்துவிட்டுத்தான் பல்கலைக்கழகக் காப்பீட்டை மறுக்கும் படிவத்தைக் கெடுநாளுக்குள் கொடுக்க வேண்டும்.

பெற்றோரைத் திகைக்கவைப்பது 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம். பிள்ளை கல்லூரியில் சேர்ந்துவிட்டால், கல்விப் பதிவுகள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மாறிவிடுகிறது. மதிப்பெண்ணைப் பற்றித் தொலைபேசியில் கேட்டால் அலுவலகம் சொல்லாது. கட்டண விவரத்தைப் பார்க்கவும் பிள்ளை அனுமதி பதிய வேண்டும். அதேபோல், பதினெட்டு வயது நிறைந்தவரின் மருத்துவ முடிவுகளில் பெற்றோருக்குத் தானாக உரிமை இல்லை. அவசர நிலைக்கென மருத்துவ அதிகாரப் பத்திரம் ஒன்றில் பிள்ளையின் கையெழுத்தைப் பெற்று வைப்பது நல்லது.

எச்-1பி வேலை விசாவில் உள்ளவர்களின் குடும்பத்தினருக்குத் தரப்படும் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வேலை அனுமதி இல்லாததால் வளாகத்தில் பகுதிநேர வேலை செய்ய முடியாது. அறையும் உணவும் ஊதியமாகக் கிடைக்கும் ஆர்.ஏ. பணியும் அதில் அடங்கும். இரண்டாம் ஆண்டில் அதைக்கொண்டு செலவைக் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். 21 வயதில் எச்-4 நிலை முடிந்துவிடும் என்பதால், எஃப்-1 மாணவர் விசா நிலைக்கு மாறுவதைப் பற்றிப் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்திடம் முதலாண்டிலேயே பேசத் தொடங்குங்கள்.

இறுதியாக விமானச் சீட்டு. செமஸ்டர் முறைக் கல்லூரிகள் பல ஆகஸ்டில் தொடங்கும். ஆண்டை நான்கு சிறு பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் செப்டம்பர் கடைசியில்தான் தொடங்கும். குளிர்கால விடுமுறையில் பல விடுதிகள் முழுவதுமாக மூடப்படும். டிசம்பரில் ஊருக்குப் போகச் சீட்டு எடுக்கும் முன், கடைசித் தேர்வின் தேதியையும் விடுதி மூடித் திறக்கும் தேதிகளையும் பாருங்கள். விடுமுறையில் பிள்ளை அங்கேயே இருக்க வேண்டியிருந்தால், அதற்கான தனி விண்ணப்பத்தை அதன் கெடுநாள் முடியும் முன்பே கொடுத்துவிடுங்கள்.