மினசோட்டாவில் இருக்கும் உறவுகளே, மாமியின் பெரியப்பாவைத் தேட உதவுங்கள்

வணக்கம். நான் நோர்வே, பேர்கனில் இருக்கிறேன். கணவர் நோர்வேக்காரர். அவருடைய தாயான 84 வயது மாமியின் பெரியப்பா 1903இல் இங்குள்ள ஹார்டாங்கர் பகுதியிலிருந்து அமெரிக்கா போனவர். 1921க்குப் பிறகு கடிதமே இல்லை. அவருடைய தாய் சாகும்வரை தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

பேர்கன் துறைமுகத்தின் புலம்பெயர்ந்தோர் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறது. நோர்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளமான டிஜிட்டல்ஆர்கிவெட்டில் இலவசமாகவே பார்த்தோம். அதற்குமேல் தடம் இல்லை.

பெயர்தான் சிக்கல். அந்தக் காலத்தில் இங்கே கிராமங்களில் நிலையான குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரோடு 'சென்' சேர்ப்பார்கள், அதோடு இருந்த பண்ணையின் பெயர். எங்கள் தகப்பன் பெயர் வழக்கத்தைச் சொன்னதும் மாமிக்கு அவ்வளவு சந்தோஷம். அங்கே போய் இரண்டில் எதை வைத்துக்கொண்டாரோ!

கையில் இருப்பது ஒரே ஒரு படம். அட்டையின் அடியில் ஃபெர்கஸ் ஃபால்ஸ் என்று ஸ்டூடியோ முத்திரை, பின்னால் பென்சிலில் 'அம்மாவுக்கு'.

அந்த ஊர் இருக்கும் ஒட்டர் டெயில் கவுண்டிப் பக்கம் யாராவது இருந்தால், பழைய நோர்வேஜிய லூத்தரன் தேவாலயங்களின் பதிவேடுகளையும் கல்லறைகளையும் ஒருமுறை பார்க்க முடியுமா? இரண்டு பெயர்களையும் பிறந்த தேதியையும் உள்பெட்டியில் தருகிறேன். பதிவேடு நோர்வேஜிய மொழியில் இருந்தாலும் பரவாயில்லை, படம் எடுத்து அனுப்புங்கள், மாமியே வாசிப்பார்.